தீர்க்கரேகைக் கதையில் மாஸ்கலின் வில்லனா?

நெய்தல்வாசி:
நியூயார்க் டைம்ஸில் அறிவியல் நிருபராக இருந்த டாவா சோபெல் 1995இல் எழுதிய ‘லாஞ்சிட்யூட்’ புத்தகத்தை இப்போதுதான் முடித்தேன். நடுக்கடலில் கிழக்கு மேற்காக எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் கப்பல்கள் தவித்த காலம். அரை டிகிரிக்குள் சொல்ல வழி காட்டுபவருக்கு 20,000 பவுண்டு என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1714இல் சட்டம் போடுகிறது. புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தைக் கடிகாரம் காட்டினால், கப்பல் நிற்கும் இடத்தின் நேரத்தோடு ஒப்பிட்டுத் தீர்க்கரேகையைக் கணித்துவிடலாம். ஜான் ஹாரிசன் என்ற தச்சர் கடலிலும் பிசகாத கடிகாரம் செய்கிறார். வானியலாளர் நெவில் மாஸ்கலினும், பரிசை முடிவு செய்யும் தீர்க்கரேகை வாரியமும் பரிசைத் தராமல் இழுத்தடிக்கிறார்கள். கடல் வரலாற்றை இப்படித்தான் எழுத வேண்டும். பேராசிரியர்கள் யாராவது முயன்று பார்க்கட்டும்.

பழைய ஏடு:
பேராசிரியர்களை ஏன் வம்புக்கு இழுக்கிறீர்கள்? சரி, புத்தகத்தில் வரும் அந்தக் கப்பல் விபத்தையே எடுத்துக்கொள்வோம். 1707இல் இங்கிலாந்தின் தென்மேற்கே உள்ள சில்லி தீவுகளில் பிரிட்டிஷ் அட்மிரல் ஷவலின் நான்கு கப்பல்கள் மூழ்கின. ஆபத்தை முன்பே எச்சரித்த மாலுமியை அட்மிரல் தூக்கில் போட்டார் என்று சோபெல் எழுதுகிறார். அதற்கு அந்தக் காலத்துச் சான்று கிடையாது, பின்னால் முளைத்த செவிவழிக் கதை. தப்பிய கப்பல்களின் பதிவேடுகளைப் பார்த்தவர்கள், அட்சரேகைக் கணக்கிலேயே தப்பு இருந்தது என்கிறார்கள். ஆனால் தீர்க்கரேகை மட்டும் குற்றவாளியாக இருந்தால்தானே கதை ஓடும்!

நெய்தல்வாசி:
இது பொதுவாசகருக்கான நூல், ஆய்வேடு அல்ல, அதனால் அடிக்குறிப்பு போடவில்லை என்று அவரே சொல்லிவிட்டார். 1993இல் ஹார்வர்டில் தீர்க்கரேகை பற்றி மாநாடு நடந்தது. அறிஞர்கள் பேசிவிட்டுக் கலைந்துபோயிருப்பார்கள். அங்கே உட்கார்ந்து கேட்டு, முதலில் கட்டுரையாகவும் அப்புறம் புத்தகமாகவும் ஊருக்குச் சொன்னது ஒரு நிருபர்தான்.

பழைய ஏடு:
ஊருக்குச் சொன்னதால்தான் கேட்கிறேன். மாஸ்கலின் என்ன செய்தார்? நிலவுக்கும் நட்சத்திரத்துக்கும் இடையிலுள்ள கோணத்தை அளந்து இடத்தைக் கணிக்கும் முறைக்கு அட்டவணைகள் தயாரித்தார். 1767ஆம் ஆண்டுக்கான, மாலுமிகளுக்கான வானியல் பஞ்சாங்கத்திலிருந்து அவை வெளியாயின. முன்பு நான்கு மணி நேரம் பிடித்த கணக்கு அரை மணியில் முடிந்தது. ஹாரிசனிடம் இருந்ததோ ஒரே ஒரு கைக்கடக்கமான கடிகாரம், எச்4. இதை வேறொருவரால் செய்ய முடியுமா என்று வாரியம் கேட்டதில் என்ன குற்றம்? அதைப் பார்த்து லார்கம் கெண்டல் செய்த நகலுக்கே 450 பவுண்டு ஆயிற்று. எச்4ஐச் சோதிக்க எடுத்துப்போன ஜமைக்கா பயணத்தில் 81 நாளில் 5 நொடிதான் பிசகியது என்கிறார்கள். அந்த ஜமைக்காவின் தீர்க்கரேகையே அப்போது உறுதியாகத் தெரியாது. எதை வைத்துச் சரிபார்ப்பது?

நெய்தல்வாசி:
பரிசுக்குப் போட்டியாக நின்ற முறையை வளர்த்தவரே 1766இல் லண்டன் கிரீனிச் வானாய்வகத்தில் அந்தக் கடிகாரத்தைச் சோதிக்க உட்காருகிறார். இதற்குப் பெயர் என்ன? மன்னர் மூன்றாம் ஜார்ஜ் தலையிட்ட பிறகு, 1773இல், கிழவருக்கு 80 வயதாகும்போதுதான் நாடாளுமன்றம் 8,750 பவுண்டு கொடுத்தது. அதுவும் வாரியம் தந்த பரிசு இல்லை.

பழைய ஏடு:
அதற்கு முன்பே தவணை தவணையாக வாங்கியவர்தான். மொத்தம் 23,000 பவுண்டுக்கு மேல்! ‘ஏழைத் தச்சரை ஏமாற்றினார்கள்’ என்று எழுதுவதற்கு முன்னால் அந்தக் கூட்டலையும் வாசகருக்குக் காட்டியிருக்கலாம்.

நங்கூரம்:
இருவரும் கிரீனிச்சிலேயே நிற்கிறீர்கள். சென்னையின் தீர்க்கரேகை எப்படிக் கிடைத்தது? மதராஸ் வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் வியாழனின் நிலவுகள் மறைவதைக் கவனித்துக் கணித்தார். அசையாத தரையில் தொலைநோக்கி போதும், ஆடுகிற கப்பலில் அது நடக்காது. கேப்டன் குக் 1772இல் புறப்பட்டபோது கெண்டலின் நகலை எடுத்துப்போனார், நிலவுக் கணக்கும் போட்டார். கடிகாரம் ஒழுங்காக ஓடுகிறதா என்று நிலவை வைத்துச் சரிபார்ப்பது அதற்குப் பிறகும் பல்லாண்டு கப்பல்களில் வழக்கம். ‘ஒற்றை மேதை’ என்று துணைத்தலைப்பு வைத்ததுதான் எனக்கு உறுத்துகிறது.

மெட்டு:
எனக்கு உறுத்துவது வேறு. ஹாரிசன் பாரோ கிராமத்து தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்தியவர், மணிகளுக்குச் சுருதி சேர்த்தவர். 1775இல் அவர் வெளியிட்ட நூலில் கடிகாரத்தோடு, பை என்ற கணித எண்ணை வைத்து அமைத்த ஓர் இசை அளவுகோலையும் விளக்குகிறார். ஊசலின் ஆட்டமும் மணியின் அதிர்வும் ஒரே மனதில் ஓடியிருக்கின்றன. ஒரு நிருபருக்கு இதைவிட நல்ல தீனி கிடைக்குமா? அதற்குக் கொடுத்திருக்க வேண்டிய பக்கங்களை வில்லன் சண்டை தின்றுவிட்டது.

பழைய ஏடு:
அப்படிக் கேளுங்கள்! ஆனால் அந்த 1775 நூலைப் புரட்டிப் பார்த்தீர்களா? வாக்கியம் எங்கே முடிகிறது என்று தேடியே களைத்துவிடுவோம். அதை உட்கார்ந்து படித்துச் சொல்ல ஆய்வாளர்தான் வேண்டும்.

நெய்தல்வாசி:
படித்துச் சொல்லட்டும், முதல் பிரதி நான் வாங்குகிறேன். அந்தத் தூக்குக் கதையை ‘சொல்லப்படுகிறது’ என்று எழுதியிருக்கலாம், அதுவரை சரி. போட்டியாளரையே நடுவராக்கிய வாரியத்துக்கு வக்காலத்து வாங்க மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள்.