பகலொளி நேர மாற்றத்தின்போது இரவுகளின் எண்ணிக்கை தவறாக வருகிறது

கேள்வி:
வணக்கம். நியூயார்க்கில் உள்ள ஒரு விடுதியின் முன்பதிவுப் பக்கத்தைச் சென்னையில் இருந்தபடி எழுதி வருகிறேன். வரும் நாளின் நள்ளிரவுக்கும் புறப்படும் நாளின் நள்ளிரவுக்கும் உள்ள வித்தியாசத்தை ஜாவாஸ்கிரிப்டில் மில்லிநொடிகளாக எடுத்து, 8,64,00,000-ஆல் வகுத்து, பின்னத்தை விட்டுவிடுகிறேன். 2025 மார்ச் 8 முதல் 10 வரை என்று கொடுத்தால் என் கணினியில் 2 இரவுகள் வருகின்றன. அங்குள்ளவர்களின் பிரவுசரில் 1 மட்டுமே வருகிறது. பின்னத்தை மேல்நோக்கி முழுமையாக்கினால் மார்ச் சரியாகிறது, ஆனால் நவம்பர் 1 முதல் 3 வரை கேட்டால் 3 என்கிறது. எப்படிச் சரிசெய்வது?

மறுமொழி 1:
அந்த ஆண்டு மார்ச் 9 அதிகாலை 2 மணிக்கு, பகலொளி நேரம் (கோடையில் கடிகாரத்தை முன்தள்ளி வைக்கும் முறை) தொடங்கியதால், அங்கே கடிகாரம் 3-க்குத் தாவியது. ஆகவே உங்கள் இரண்டு நள்ளிரவுகளுக்கு இடையே இருந்தவை 47 மணி நேரமே. நவம்பர் 2 அன்று 2 மணி மீண்டும் 1 மணியானதால் அது 49 ஆயிற்று. இந்திய நேரத்தில் இந்தத் தாவல் இல்லாததால் உங்கள் கணினியில் பிழை தென்படவில்லை. இரவுகளை எண்ணுவது நாள்காட்டிக் கணக்கு. அதில் மணி நேரத்துக்கு வேலையே இல்லை. யூடிசி என்பது இந்தத் தாவல் இல்லாத உலகப் பொது நேரம். ஆண்டு, மாதம், தேதி மூன்றையும் ஜாவாஸ்கிரிப்டின் டேட்.யூடிசி செயற்கூறிடம் கொடுத்து, வரும் எண்களைக் கழித்து வகுத்தால் மீதியின்றி விடை வரும்.

மறுமொழி 2:
கோடைக்காலம் என்றால் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளலாம் என்று சிலர் தாங்களாகவே ஒரு நிபந்தனை எழுதிவிடுகிறார்கள். அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவில் மாற்றம் அரை மணி நேரமே. பிரேசிலின் சாவ் பாவ்லோவில், 2019-இல் இம்முறை கைவிடப்படும் வரை, நள்ளிரவிலேயே கடிகாரம் 1 மணிக்குத் தாவியதால், ஆண்டுக்கு ஒரு நாள் 00:00 என்ற நேரமே இல்லாமல் போனது.

கேட்டவர்:
மிக்க நன்றி, சரியாகிவிட்டது. அதே விடுதியின் இரவுக் காவலர்களுக்கான சம்பளக் கணக்கு பைத்தானில் உள்ளது. அதற்கும் இதே வழிதானா?

மறுமொழி 1:
இல்லை, அங்கே நேர்மாறு. நவம்பர் 1 இரவு 10 மணிக்கு வேலைக்கு வந்து மறுநாள் காலை 6 மணிக்குக் கிளம்பியவர், கடிகாரப்படி 8 மணி நேரமும் உண்மையில் 9 மணி நேரமும் வேலை செய்திருக்கிறார். பைத்தானில் ஒரே நேர மண்டலப் பொருளைக் கொண்ட இரு நேரங்களைக் கழித்தால், மண்டலம் குறிக்கப்பட்டிருந்தும் விடை 8 என்றே வரும். இது ஆவணத்திலேயே சொல்லப்பட்ட நடத்தை என்றாலும், என் பார்வையில் இதைவிட மோசமான பொறி அந்த நூலகத்தில் இல்லை. இரண்டையும் யூடிசிக்கு மாற்றிய பிறகே கழியுங்கள். அன்றைய 1:30 இருமுறை வருவதால், இரண்டாவதாக வருவதை, அந்த நேரத்தின் ஃபோல்ட் பண்பை 1 என்று வைத்துக் குறிக்க வேண்டும்.

மறுமொழி 3:
நடந்து முடிந்தவற்றை யூடிசியில் சேமிப்பது சரி. வரப்போகும் சந்திப்புகளுக்கு அது போதாது. மெக்சிகோ 2022 அக்டோபரில் நாட்டின் பெரும்பகுதியில் கோடை நேரத்தைக் கைவிட்டபோது, 2023 கோடையில் காலை 10 மணிக்கென்று முன்கூட்டியே யூடிசி 15:00 ஆகச் சேமிக்கப்பட்டிருந்த மெக்சிகோ நகரச் சந்திப்பு 9 மணிக்கு நகர்ந்துவிடும். உள்ளூர் நேரத்தையும் மண்டலப் பெயரையும் சேமித்து, சர்வரில் உள்ள மண்டலத் தரவை அவ்வப்போது புதுப்பித்து வந்தால் இந்தச் சிக்கல் எழாது.