ஹிலன்பேர்க்குக்குச் சோறு போட்டது பயோவா, கீறலா?

கொழும்புத்துறையான்:
யாழ்ப்பாணத்துப் பெற்றோர் குழு ஒன்றில் ஒரு பதிவு ஓடித் திரிகிறது. கடலடியில் வாழும் ஒரு கடற்பஞ்சின் கதையான ஸ்பொஞ்ச்பொப் காட்டூனை உருவாக்கிய ஸ்டீபன் ஹிலன்பேர்க் கடலைப் பற்றிப் படித்தவராம், அதனால்தான் அவருக்கு அந்தக் காட்டூன் வந்ததாம், ஆகவே படம் கீறுகிற பிள்ளைகள் முதலில் பயோ, அதாவது உயிரியல், படிக்கட்டும், கீறுவதைப் பிறகு பார்க்கலாமாம். கீழே ஒரே கைதட்டல். வாசிக்க வாசிக்க எரிச்சல்தான் வந்தது. ஒருவரின் வாழ்க்கையை நடுவில் வெட்டி, தங்களுக்குத் தேவையான பாதியை மட்டும் எடுத்துப் பிள்ளைகளின் தலையில் கட்டுகிறார்கள். மற்றப் பாதியைச் சொல்கிறேன். 1984இல் அமெரிக்காவின் ஹம்போல்ட் அரச பல்கலைக்கழகத்தில் இயற்கை வளத் திட்டமிடலில் பட்டம், கடல் வளம் சிறப்புப் பகுதி. அப்புறம் கலிபோர்னியாவில் டேனா பொயின்ற் என்ற இடத்தில் ஒரு கடல் கல்வி நிலையத்தில் மாணவர்களுக்குப் படிப்பித்தார். 1987இல் அந்த வேலையை விட்டார். விட்டுவிட்டுத்தான் கலார்ட்ஸ் என்கிற கலிபோர்னியாக் கலைக் கல்லூரியில் சேர்ந்து 1992இல் அனிமேஷனில் முதுகலைப் பட்டம் எடுத்தார். இதையும் அந்தப் பதிவில் போட்டிருக்கலாமே?

மானிப்பாய் மாஸ்டர்:
அந்தப் பதிவை எழுதியது நான்தான். ஒளித்து ஒன்றும் எழுதவில்லை. தம்பி, நீங்களே சொல்லிவிட்டீர்கள், மூன்று வருடம் கடல் நிலையத்தில் படிப்பித்தார் என்று. அந்த மூன்று வருடம் இல்லாவிட்டால் ஸ்பொஞ்ச்பொப் இல்லை. அங்கேதான் மாணவர்களுக்காக, அலை ஏறி இறங்கும் பாறைக்குழிகளில் வாழும் உயிர்களைப் பற்றி ஒரு படக்கதைப் புத்தகம் கீறினார். அதை நடத்திச் செல்கிற பாத்திரம் யார்? பொப் என்கிற கடற்பஞ்சு. பிறகு என்ன விவாதம்?

கொழும்புத்துறையான்:
மாஸ்டர், அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பதிப்பாளர்களிடம் அலைந்தார். ஒருவரும் எடுக்கவில்லை. மூன்று வருடமும் சேர்ந்து கொடுத்தது அச்சேறாத ஒரு புத்தகம்தான். அதிலிருந்த பொப் வேறு, சாதாரணக் கடற்பஞ்சு, கறுப்புக் கண்ணாடி போட்டது. நாங்கள் பார்க்கிற சதுரம், காற்சட்டை, கழுத்துப்பட்டி எல்லாம் அவர் அனிமேஷன் படித்து, தொலைக்காட்சித் தொடரில் வேலை செய்து, கை பழகிய பிறகு வந்தவை. அவரைக் கலார்ட்ஸில் வளர்த்தெடுத்தவர் அங்கே அனிமேஷன் படிப்பித்த ஜூல்ஸ் எங்கல். உங்கள் பதிவில் அந்தப் பெயரே இல்லை.

சுண்டிக்குளிப் பிள்ளை:
அண்ணை சொல்வதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அவர் படிக்கும்போது செய்த குறும்படம் ஒன்றைப் பட விழாக்களில் காட்டினார்கள். அதைப் பார்த்துத்தான் ஜோ மரே தன்னுடைய ரொக்கோ என்ற காட்டூன் தொடரில் அவருக்கு வேலை கொடுத்தார். 1993இலிருந்து 1996 வரை ஓடிய தொடர். இயக்குநராகத் தொடங்கிக் கடைசிப் பருவத்தில் படைப்பு இயக்குநராகவே ஆனார். பட்டச் சான்றிதழைப் பார்த்து அந்த வேலையைக் கொடுக்கவில்லை, படத்தைப் பார்த்துக் கொடுத்தார்கள்.

மானிப்பாய் மாஸ்டர்:
நல்லது பிள்ளை, ரொக்கோவை நீங்களே இழுத்துவிட்டீர்கள். அந்தத் தொடரில் கூட வேலை செய்த எழுத்தாளர் மார்ட்டின் ஓல்சன், ஹிலன்பேர்க்கின் பழைய கடல் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, இதைத் தொடராகச் செய்யலாமே என்று தூண்டினார். எந்தப் புத்தகம்? அந்த மூன்று வருடத்தில் கீறிய புத்தகம். அச்சேறவில்லை என்று கொழும்புத்துறையார் தள்ளிவிட்ட அதே புத்தகம். மூன்று வருடம், மூன்று வருடம் என்று நான் சும்மா சொல்லவில்லை.

மண்டைதீவான்:
இரண்டு பேரும் கடலைப் பற்றி இவ்வளவு கதைக்கிறீர்களே, கடற்பஞ்சைக் கண்ணால் கண்டிருக்கிறீர்களா? எங்கள் பக்கம் வலையில் ஏறும். மீனைத் தட்டி எடுத்த பிறகு கருவாட்டு நிறத்தில் ஒரு கட்டி கிடக்கும், ஓட்டை ஓட்டையாக, வெயிலில் காய்ந்தால் நாற்றம் தாங்க முடியாது. அதற்கு மூளையும் இல்லை, நரம்பும் இல்லை. அதை வைத்து உலகம் முழுக்கச் சிரிக்க வைத்திருக்கிறார் என்றால் அது புத்தகப் படிப்பில் வருகிற விசயமில்லை. ஆழ்கடலைப் படம் பிடித்த பிரெஞ்சுக்காரர் ஜாக் கூஸ்தோவின் படங்களைப் பார்த்துச் சின்ன வயதிலேயே கடல் பைத்தியம் பிடித்தவர் அவர். பயோவும் இல்லை, கலார்ட்ஸும் இல்லை. கடல்தான்.

கொழும்புத்துறையான்:
மண்டைதீவு அண்ணை, கடற்கரையில் பிறந்த எல்லோரும் காட்டூன் கீறவில்லையே. குருநகரிலிருந்து பருத்தித்துறை வரை எத்தனை பெடியள் கடலைப் பார்த்து வளர்கிறார்கள்? அதில் கீறக்கூடியவனுக்கு நாங்கள் செய்வது என்ன? எனக்குத் தெரிந்த பெடியன் ஒருவன், தவளையின் இதயம் கீறச் சொன்னால் அந்தத் தவளைக்கே ஒரு முகம் போட்டுக் கதை எழுதிவிடுவான். ரியூசன் கொப்பியின் பின்பக்கம் முழுக்கப் படம். உயர்தரத்துக்குச் சித்திரம் எடுக்கப் போகிறேன் என்றான், வீட்டில் பெரிய சண்டை. இப்போது உயர்தரப் பரீட்சையை மூன்றாவது முறையும் பயோவில்தான் எழுதப் போகிறான். கீறுவதை விட்டுவிட்டான். அந்தக் குழுவில் கைதட்டியவர்களில் அவன் தகப்பனும் ஒருவர். அதனால்தான் எனக்குக் கோபம்.

மானிப்பாய் மாஸ்டர்:
அது அந்த வீட்டுப் பிரச்சினை, என் தலையில் போட வேண்டாம். நான் ஹிலன்பேர்க்கைப் பற்றித்தான் எழுதினேன். உங்களுக்கு என்மேல் பழைய கோபம். போன முறை டோரேமொன் என்ற யப்பான் காட்டூனைப் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான், நான் ஒன்றைச் சொன்னால் மறுத்தே தீருவீர்கள்.

கொழும்புத்துறையான்:
டோரேமொனா? சரி, அதையும் பேசுவோம். டோரேமொனில் போட்டிருக்கிற ஃபுஜிகோ ஃபுஜியோ என்ற பெயர் ஒரே ஆளுடையது என்று அடித்துச் சொன்னது யார்? இரண்டு நண்பர்கள் சேர்ந்து வைத்துக்கொண்ட புனைபெயர் அது. பிரிந்த பிறகு டோரேமொன் ஹிரோஷி ஃபுஜிமோட்டோவுடையது, மற்றவர் மோட்டோ அபிகோ. அன்றைக்கும் பாதியைத்தான் சொன்னீர்கள்.

மானிப்பாய் மாஸ்டர்:
டோரேமொனைக் கீறியவர் ஃபுஜிமோட்டோ ஒருவர்தான். நான் சொன்னதும் அதுதான். பழைய பதிவைத் தேடி வாசியுங்கோ.

சுண்டிக்குளிப் பிள்ளை:
வாசித்தேன் மாஸ்டர். நீங்கள் அப்படி எழுதவில்லை.

வடமராட்சி வாசகன்:
டோரேமொனை விடுங்கோ. எனக்கு ஹிலன்பேர்க்கில் பிடிக்காதது வேறு. 2004இல் முதல் திரைப்படம் வந்த கையோடு தொடரைத் தன்னோடு வேலை செய்த போல் டிபிட் என்பவரின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தன் படைப்பை நடுவழியில் விட்டவரைப் பிள்ளைகளுக்கு உதாரணம் காட்டுவதா?

கொழும்புத்துறையான்:
நடுவழியில் விடவில்லை. படத்தோடு கதையை முடித்துவிடத்தான் விரும்பினார். காசு வருகிற தொடரை, அதை ஒளிபரப்புகிற நிக்கலோடியன் தொலைக்காட்சி விடுமா? அவர்கள் தொடர்ந்தார்கள், அவர் நாளாந்தப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். அதுவும் முழுக்க இல்லை, 2015இல் இரண்டாவது படம் வந்த காலத்தில் திரும்பி வந்தார். 2017இல் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஏ.எல்.எஸ். நோய் தனக்கு இருப்பதை அறிவித்த பிறகும், முடிந்தவரை வேலை செய்வேன் என்றே நின்றார். 2018 நவம்பர் 26இல் 57 வயதில் இறந்தார். பேச்சும் கையும் ஒடுங்கிக்கொண்டு வந்த நிலையிலும் ஸ்ரூடியோவுக்குப் போனவரை விட்டுவிட்டுப் போனவர் என்று எழுத எப்படி மனம் வந்தது?

வடமராட்சி வாசகன்:
நோயைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. 2004ஐத்தான் கேட்டேன். முடிக்க விரும்பினால் முடித்திருக்க வேண்டும். முதல் மூன்று பருவத்தையும் பிறகு வந்தவற்றையும் பக்கத்தில் போட்டுப் பாருங்கோ, எங்கே விட்டார் என்று தெரியும்.

மண்டைதீவான்:
பிறகு வந்ததிலும் நல்லது இருக்கிறது. பெரிய வித்தியாசம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

வடமராட்சி வாசகன்:
அப்படியென்றால் நீங்கள் வடிவாகப் பார்க்கவில்லை.

மானிப்பாய் மாஸ்டர்:
எல்லோரும் 2004இல் போய் நிற்கிறீர்கள். 1984க்கும் 1987க்கும் இடையில் நடந்ததற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. நிக்கலோடியனிடம் தொடரைக் கேட்கப் போனபோது என்ன கொண்டுபோனார்? ஹவாய்ச் சட்டை போட்டு, மீன் தொட்டி ஒன்றில் தன் பாத்திரங்களைப் பொம்மையாகச் செய்து வைத்துக் கொண்டுபோனார். மீன் தொட்டி! கடல் நிலையத்தில் பிள்ளைகளுக்கு உயிர்களைக் காட்டிப் பழகிய கை. அந்த மூன்று வருடம்தான்.

கொழும்புத்துறையான்:
தொட்டிக்குள் இருந்த பொம்மைகளைப் படைத்தது யார் மாஸ்டர்? கீறத் தெரிந்த கை. தொட்டி வாங்க எவராலும் முடியும். அப்படிப் பார்த்தால், ஸ்பொஞ்ச்பொப் வேலை செய்கிற அந்த உணவுக்கடை எங்கிருந்து வந்தது? அவர் கோடை காலத்தில் ஒரு கடலுணவுக் கடையில் பொரிக்கிற வேலையும் சிங்க இறால் அவிக்கிற வேலையும் பார்த்தவர். அப்போ பிள்ளைகளைப் பயோவுக்கு முதல் கடைக்கு வேலைக்கு அனுப்பச் சொல்லி அடுத்த பதிவைப் போடுங்கோ. ஒருவரின் வாழ்க்கையில் எல்லாமே வந்து சேரும். கடலும் வரும், கடையும் வரும், படிப்பித்ததும் வரும். ஆனால் 1987இல் கையிலிருந்த வேலையை விட்டு, கீறுவதை ஒழுங்காகப் படிக்கப் போனாரே, அந்தத் துணிவைத்தான் நீங்கள் மறைக்கிறீர்கள்.

மானிப்பாய் மாஸ்டர்:
வேலை கையில் இருந்ததால்தான் விட முடிந்தது. பட்டம் இல்லாவிட்டால் எதை விட்டிருப்பார்?

சுண்டிக்குளிப் பிள்ளை:
எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருதனார்மடக் கலைப் பிரிவில் சித்திரமும் வடிவமைப்பும் படித்துப் பட்டம் எடுத்தவர்கள் பட்டதாரிகள் இல்லையா மாஸ்டர்?

மானிப்பாய் மாஸ்டர்:
அப்படி நான் சொன்னேனா? எங்கே சொன்னேன், வரியைக் காட்டுங்கோ. மருதனார்மடத்தை இழுத்து என்னைச் சண்டைக்கு இழுக்க வேண்டாம். நான் கேட்டது மூன்று வருடத்தைப் பற்றி.

கொழும்புத்துறையான்:
மூன்று வருடத்துக்குப் பதில் சொல்லியாயிற்று. 1992க்கு நீங்கள் இன்னும் சொல்லவில்லை. அந்தப் பெற்றோர் குழுவில் உங்கள் பதிவு அப்படியே நிற்கிறது, கலார்ட்ஸ் என்ற சொல் இன்றைக்கும் அதில் இல்லை. நான் இதையெல்லாம் அங்கேயும் எழுதப் போகிறேன்.

மானிப்பாய் மாஸ்டர்:
எழுதுங்கோ. அங்கேயும் மூன்று வருடம் என்றுதான் சொல்வேன்.

வடமராட்சி வாசகன்:
2004க்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.