வீட்டிலேயே ஸ்ப்ரே பூத்: எந்த ஃபேன்?

தோவாளைக்காரன்: மாடல் விமானங்களுக்கு ஏர்பிரஷால் (காற்றழுத்தத்தில் பெயிண்ட் தூவும் கருவி) பெயிண்ட் அடிக்க, பறக்கும் பெயிண்டை உறிஞ்சி வெளியே தள்ளும் பூத் ஒன்றைப் பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் செய்கிறேன். ஜன்னலோரம் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் போதுமா அண்ணே?

கொளச்சல் அண்ணன்: தண்ணீரில் கரையும் அக்ரிலிக் மட்டும் என்றால் போதும் தம்பி. லாக்கர் வகை பெயிண்ட் என்றால், அதைக் கரைக்கும் தின்னரின் ஆவி தீப்பிடிக்கும், மோட்டாரில் ஒரு பொறி பறந்தால் போச்சு, அதனால் மோட்டார் காற்றுப் பாதைக்கு வெளியே இருக்கும் ப்ளோயர்தான் வேண்டும்.

தக்கலை: ஃபில்டர் பெயிண்ட் துகளைத்தான் பிடிக்கும், ஆவியை அல்ல. அதனால் ஃபேன் குழாயை வெளியே விடு, வளைவு குறைவாக. துணி மாஸ்க் உதவாது மக்கா, தின்னர் ஆவியைப் பிடிக்கும் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் (மாஸ்க்கில் மாட்டும் வடிகட்டி) உள்ளதை வாங்கு.

பூதப்பாண்டி: உங்கள் பக்கம் ஆடியில் ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்று மேற்கிலிருந்து வீசுமே, குழாய் வாயை அந்தப் பக்கம் வைத்தால் எல்லாம் அறைக்குள்ளேயே திரும்பும். அப்புறம், மழை நாளில் லாக்கர் வேண்டாம், ஈரத்தில் பெயிண்ட் மேல் வெள்ளை பூக்கும்.

தோவாளைக்காரன்: சரி, கிழக்கு ஜன்னலுக்கு மாற்றுகிறேன். முதலில் மாஸ்க்.