ரக்மானினோவின் எலிஜியை ஆர்கனுக்கு மாற்றும்போது இடது கையை என்ன செய்வது?

மூன்றாம்கட்டை:
ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினோவ் 1892-ல் பியானோவுக்கு எழுதிய எலிஜியை (சோக இசைத்துண்டு, ஓபஸ் 3, எண் 1, இ ஃபிளாட் மைனர்) பைப் ஆர்கனுக்கு மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். மேலே போகும் மெலடி ஆர்கனில் அருமையாக நிற்கிறது. இடது கைதான் படுத்துகிறது. அந்த அகலமான ஆர்பெஜியோவை (கார்டின் ஸ்வரங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடுவது) அப்படியே வாசித்தால், பியானோவில் சஸ்டெயின் பெடல் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்கும் மூட்டம் இல்லாமல் ஒவ்வொரு ஸ்வரமும் வறண்டு தனித்தனியாகக் கேட்கிறது. சரி என்று எல்லா ஸ்வரங்களையும் ஒரே நேரத்தில் கார்டாக அடுக்கிப் பிடித்தால் அசைவே போய்விடுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஏதாவது வழி உண்டா?

காற்றுப்பெட்டி:
உண்டு. ஆர்பெஜியோவை ஓடவிடுங்கள், ஆனால் வாசித்த ஸ்வரங்களில் இரண்டு மூன்றை கார்டு மாறும்வரை விரலை எடுக்காமல் பிடித்திருங்கள். எதைப் பிடிக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது: மெலடியில் அந்த நேரம் ஒலிக்கும் ஸ்வரத்தையே கீழேயும் பிடித்தால் மெலடி மங்கிவிடும், அதனால் அதை விட்டுவிட்டு மற்றவற்றைப் பிடியுங்கள். கார்டு மாறும் இடத்தில் எல்லாவற்றையும் சுத்தமாக விட்டுவிட வேண்டும். அடி ஸ்வரத்தை (பாஸ்) காலால் வாசிக்கும் கட்டைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். மெல்லிய 16 அடி ஸ்டாப் (குழல் வரிசை) ஒன்று போதும், எழுதியதற்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் என்பதால் பியானோவின் ஆழம் வந்துவிடும்.

அப்புறம், பியானோவில் நீண்ட ஸ்வரம் அடித்த கணமே தேயத் தொடங்கும். ஆர்கனில் தேயாது. மெலடியை ஸ்வெல் மான்யுவலில் (கதவுள்ள பெட்டிக்குள் இருக்கும் குழல்களுக்கான கட்டைவரிசை) வைத்து, ஸ்வரம் பிறந்ததும் பெட்டியின் கதவை மெதுவாக மூடிப் பாருங்கள். கதவை இயக்கும் பெடலில் வலது கால் மாட்டிக்கொள்ளும், அடி ஸ்வரங்களை இடது காலே பார்த்துக்கொள்ளும்படி எழுத வேண்டியிருக்கும். துணை ஸ்வரங்கள் வேறு மான்யுவலில் இருக்கட்டும், இல்லாவிட்டால் அவையும் சேர்ந்து தேயும்.

பழையகுழல்:
கடைசி யோசனை எனக்கு ஒப்பவில்லை. ஒவ்வொரு நீண்ட ஸ்வரத்துக்கும் கதவை மூடித் திறந்தால் பாட்டு மூச்சு வாங்குவது போல ஆகிவிடும். தேயாத ஸ்வரம் ஆர்கனின் சொத்து, அதை ஏன் மறைக்க வேண்டும்? 1849 அக்டோபர் 30 அன்று பாரிஸ் மத்லேன் தேவாலயத்தில் இசையமைப்பாளர் சோப்பினின் இறுதிச் சடங்கு நடந்தபோது ஆர்கன் கலைஞர் லெஃபெபூர்-வெலி சோப்பினுடைய இ மைனர், பி மைனர் பிரிலூடுகளை (சிறு பியானோ துண்டுகள்) ஆர்கனில்தான் வாசித்தார். இ மைனரை இசையமைப்பாளர் லிஸ்ட்டும் ஆர்கனுக்கு மாற்றி எழுதியிருக்கிறார். அதில் இடது கை கார்டுகளைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே இருக்கும், உள்ளே ஸ்வரங்கள் அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக இறங்கும். மாறாத ஸ்வரங்களைப் பிடித்துவைத்து இறங்குவதை மட்டும் நகர்த்தி வாசித்துப் பாருங்கள், அந்த இறக்கம் பியானோவைவிடத் தெளிவாகக் காதில் விழும்.

மூன்றாம்கட்டை:
பிடித்துவைக்கும் முறை வேலை செய்கிறது, ரொம்ப நன்றி! நடுப்பகுதியில் மெலடி இடது கைக்குப் போகிறதே, அங்கே?

காற்றுப்பெட்டி:
அங்கே இடது கைக்குத் தனி மான்யுவலில் கொஞ்சம் கனமான 8 அடி ஸ்டாப் (எழுதிய ஸ்தாயியிலேயே ஒலிப்பது), வலது கை கார்டுகளுக்கு அதைவிட மெல்லியது. எதிரொலி அதிகமுள்ள கூடமென்றால் ஆர்பெஜியோவில் பிடிக்கும் ஸ்வரங்களையும் குறைத்துக்கொள்ளுங்கள், பாதி மூட்டத்தைக் கூடமே கொடுத்துவிடும்.