தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டைக் கொடுத்தது வானொலியா, இசைத்தட்டா? புனைபெயர்களில் மூவர் பேசுகிறார்கள்.

மூன்றாம் லயம்:
போன வாரம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கல்யாண வீட்டில் பேச்சு வந்தது. "வானொலி மட்டும் இல்லாவிட்டால் ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டு என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது" என்றார் ஒருவர். மறுத்தேன். பந்திக்கு அழைத்துவிட்டதால் பேச்சு பாதியில் நின்றது. மீதி இதோ.

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், மின்சாரம் கிடையாது. இருபது வீட்டுக்கு ஒரு வானொலிகூட இல்லை. ஆனால் மாரியம்மன் திருவிழாவுக்குப் பட்டணத்திலிருந்து ஒலிபெருக்கிக்காரர் வருவார். கோயில் பக்கத்துத் தென்னையில் கூம்பைக் கட்டி, கார் பேட்டரியில் கம்பியை மாட்டுவார். சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு எழுந்ததும் ரப்பர் மரங்கள் நிற்கும் பால்காட்டு எல்லைவரை திருவிழா தொடங்கிவிடும்.

எனக்கு ஏழு வயது. ஊசி எடுத்துக் கொடுப்பது என் வேலை. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் இசைத்தட்டில் ஒரு பக்கம் பாடி முடிந்ததும் ஊசியை மாற்ற வேண்டும்; தேய்ந்த ஊசி தட்டைக் கீறிவிடும். தகர டப்பியிலிருந்து ஒன்றை எடுத்து, கூர்முனையில் விரல் படாமல் நீட்டுவேன். மூன்று நிமிடம் பாடும். புரட்டுவார். அடுத்த ஊசி. நான் எடுத்துக் கொடுத்த ஊசியில் டி.எம்.சௌந்தரராஜன் பாடினார்! "மாமா, அதை இன்னொரு தடவை வையுங்கள்" என்று கேட்டால் வைத்தார். எந்த வானொலி ஏழு வயதுப் பையன் கேட்டதற்காகப் பாட்டைத் திருப்பிப் போட்டது?

அடுப்படி வானொலி:
அண்ணன் சொல்வது ஆண்பிள்ளைகளின் கதை. அந்த ஊசி டப்பிக்குப் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளையை நிற்க விட்டிருப்பார்களா? எங்களுக்குக் கோயில் வாசலில் கோலம் போடும் வேலை, பிறகு வீடு. தோட்டத்து எழுத்தரான கிராணி வீட்டில் கிராமபோன் இருந்தது என்பார்கள். நான் அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

1966-இல் அப்பா ஒரு டிரான்சிஸ்டர் வாங்கினார். தோல் உறை போட்டது. சாமிப் படத்துக்குக் கீழே பலகையில் அதற்கு இடம். பேட்டரி இளைத்தால் தகரக் கூரையில் வெயிலில் காயவைப்போம். இரண்டு நாள் கூடுதலாகப் பாடும். லயத்து வீடுகளை இணைத்த பலகைச் சுவர் கூரைவரை எட்டாது அல்லவா? எங்கள் வானொலி பக்கத்து நான்கு வீட்டுக்கும் பாடியது. ஒரு வீட்டில் அழுத குழந்தை, இன்னொரு வீட்டில் மிளகாய் அரைக்கும் அம்மி, நடுவில் பி.சுசீலா. நானும் எங்கள் வீட்டு அம்மியை நிறுத்திவிட்டுக் கேட்டேன், அம்மா தலையில் குட்டினார். அந்தக் குரல் யாருடையது என்று அறிவிப்பாளர் சொன்னபோது எனக்குப் பத்து வயது.

இரவில் சிற்றலையில் இலங்கை வானொலி வரும். அலை ஏறும், இறங்கும். பாட்டின் நடுவில் குரல் கடலுக்குள் போய்விட்டுத் திரும்பும். ஒருமுறை கேட்ட பாட்டு மறுபடி எப்போது வரும் என்று தெரியாது. இரண்டு மாதம் காத்திருந்திருக்கிறேன். பிடிபடாத சொற்களை நானே இட்டு நிரப்பிப் பாடிக்கொண்டிருப்பேன். நினைத்தபோதெல்லாம் கேட்க முடிந்தவர்களுக்கு அந்தத் தவிப்பு தெரியாது. அந்தத் தவிப்பில்தான் பாட்டு எனக்குள் இறங்கியது.

பெரட்டுக் களம்:
உங்கள் இருவருக்கும் மூத்தவன் நான். வானொலி தோட்டத்துக்குள் எதற்காக வந்தது என்பதை இருவருமே விட்டுவிட்டீர்கள். ரேடியோ மலாயா 1946 ஏப்ரல் 1-இல் தொடங்கியது. 1948 ஜூன் 16-ஆம் தேதி நம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க அவசரகாலம் வந்தது, 1960 வரை நீடித்தது. அந்தக் காலத்தில்தான் தோட்டங்களிலும், மக்களை இடம்மாற்றிக் குடியமர்த்திய புதுக்கிராமங்களிலும் அரசாங்கம் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. இரண்டு பாட்டு, பிறகு அரசாங்கச் செய்தி. பாட்டு இரை; செய்தி தூண்டில்.

அதற்கு முன் இங்கே பாட்டு இல்லையா? என் பாட்டியின் தாலாட்டில் கங்காணியின் பிரம்பு வரும், நாகப்பட்டினத்துக் கப்பல் வரும், மழையில் கெட்டுப்போன பால் வரும். மரத்துப் பால் சேரும் மங்கைத் துடைத்துக்கொண்டே, மர வரிசையான நிரைக்கு நிரை பெண்கள் எதிர்ப்பாட்டு பாடினார்கள். பெட்டியும் தட்டும் வந்தபின் அந்தக் குரல்கள் கூச்சப்பட்டு அடங்கிவிட்டன. பாட்டியின் பாட்டு எந்தத் தட்டில் இருக்கிறது? எந்த நிலையம் ஒலிபரப்பியது?

அடுப்படி வானொலி:
ஐயா, பாட்டியின் பாட்டுப் போனதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் பழியை வானொலிமேல் போடாதீர்கள். என் அம்மா சினிமா மெட்டிலேயே தாலாட்டு கட்டினார். மெட்டு வானொலியுடையது, சொல் அவருடையது. அதில் என் தம்பியின் பெயரும் எங்கள் தோட்டத்துப் பெயரும் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது, ஆட்கள் பட்டணத்துக்குப் போனார்கள். சேர்ந்து நிற்க நிரையே இல்லாதபோது எதிர்ப்பாட்டுக்கு எதிரில் யார் இருப்பார்?

பெரட்டுக் களம்:
செம்பனை வருவதற்கு முன்பே பாட்டி நிறுத்திவிட்டார், அம்மா. வானொலியில் பாடுகிறவள்போல என் குரல் இல்லையே என்றார். நான் என் காதால் கேட்டது.

மூன்றாம் லயம்:
பெண்பிள்ளைகளைப் பற்றித் தங்கை சொன்னது உண்மை. என் அக்காள் அந்த ஊசி டப்பியைத் தொட்டதே இல்லை. இத்தனை காலம் அது எனக்கு உறைக்கவில்லை.

ஆனால் தட்டை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு திருவிழா முடிந்து சாமான்களை ஏற்றும்போது ஒலிபெருக்கிக்காரர் எனக்கு ஒரு தட்டைக் கொடுத்தார். விளிம்பில் கட்டைவிரல் நகமளவு உடைந்தது. அரக்குத் தட்டு, கீழே விழுந்தால் அவ்வளவுதான். 78 தட்டு வெளிவிளிம்பில்தானே பாடத் தொடங்கும்? பல்லவியின் முதல் வரி போய்விட்டது. தோட்டத்து வண்டியோட்டி வீட்டில் சாவி கொடுத்து ஓட்டும் பழைய கிராமபோன் இருந்தது. உடைந்த இடத்தைத் தாண்டி ஊசியை வைப்பார். இரண்டாம் வரியிலிருந்துதான் எனக்கு அந்தப் பாட்டு தெரியும். அப்படியே மனப்பாடம்.

பதினான்கு வயதில் சுங்கை சிப்புட் கோப்பிக்கடையில் மாமாவோடு உட்கார்ந்திருந்தேன். கடை வானொலியில் அதே பாட்டு. முதல் வரியை அன்றுதான் கேட்டேன். கோப்பி ஆறிப்போனது. பாட்டு முழுதாகக் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்திருக்க வேண்டும். எனக்கோ அந்த வரி வேறொருவர் வீட்டுப் பாட்டாகத் தோன்றியது. இன்றும் இரண்டாம் வரியிலிருந்துதான் முணுமுணுக்கிறேன்.

அடுப்படி வானொலி:
அண்ணன், அந்தத் தட்டு இன்னும் இருக்கிறதா?

மூன்றாம் லயம்:
இருக்கிறது. பழைய தமிழ் நேசன் நாளிதழ்த் தாளில் சுற்றி, அலமாரியின் மேல்தட்டில். பூஞ்சை பிடிக்காமல் ஆண்டுக்கு இருமுறை துடைத்துவைக்கிறேன்.