சினைப்பை ஆய்விலிருந்து ஃப்ளூ கண்காணிப்புக்கு மாறலாமா?

பொருநை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். இனப்பெருக்க உயிரியலில் முனைவர் பட்டம் முடித்து ஏழு மாதம் ஆகிறது. ஐந்தரை வருடம் எலியின் சினைப்பை, அதில் முட்டையைச் சூழ்ந்திருக்கும் கிரானுலோசா செல்கள், புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் என்றே ஓடிவிட்டது. ஊர் திருநெல்வேலி. இப்போது சென்னையில் ஓர் ஆய்வகத்தில், இன்ஃப்ளூயன்சா கண்காணிப்புத் திட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது. மூன்று வருட ஒப்பந்தம். மருத்துவமனைகளிலிருந்து வரும் தொண்டை, மூக்கு ஸ்வாப்களைப் பரிசோதிக்க வேண்டும், வைரஸை வளர்க்க வேண்டும், வாராவாரம் அறிக்கை அனுப்ப வேண்டும்.

என் கைடுக்கு இதில் விருப்பமில்லை. "சாம்பிள் டெஸ்ட் பண்றது ஆராய்ச்சி இல்லம்மா" என்று சொல்லிவிட்டார். நேர்முகத் தேர்விலும் ஒருவர், "எலிச் சினைப்பைக்கும் சளிக்காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்த வழியில் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பதினைந்து நாளில் பதில் சொல்ல வேண்டும்.

ஆய்வுமாணவன்:

தோழி, அவசரப்படாதீர்கள். கையில் இருக்கும் பேப்பர்களை வைத்து வெளிநாட்டு போஸ்ட்டாக்குக்கு (பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணிக்கு) முதலில் எழுதிப் பாருங்கள். துறை மாறிவிட்டால் திரும்பி வருவது கஷ்டம். ஒப்பந்த வேலையில் சொந்தமாக ஒரு கேள்வி எடுத்துச் செய்ய நேரமே கிடைப்பதில்லை என்று நண்பர்கள் இருவர் புலம்பிக் கேட்டிருக்கிறேன்.

பழைய லேப்காரி:

நான் போனவள்தான் பொருநை. 2003-இல் பட்டம், 2006-இல் ஃப்ளூ லேப். தங்கச்சி மாதிரி நினைத்து 'நீ' என்றே பேசுகிறேன்.

என்னிடமும் அதே கேள்வியைக் கேட்டார்கள். நானும் முழித்தேன். வேலையில் சேர்ந்து ஒரு வருடம் ஆன பிறகுதான் பதில் தெரிந்தது.

தினமும் காலையில் எலியின் பிறப்புறுப்பிலிருந்து ஸ்மியர் எடுத்து, செல்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்திருப்பாய். ஒரு நாள் உருண்டை உருண்டையாக, நடுவில் உட்கருவோடு செல்கள். மறுநாள் காய்ந்த சருகு போலத் தட்டையாக. அப்புறம் பொடிப்பொடியாக வெள்ளணுக்கள். நான்கைந்து நாளில் ஓர் இனப்பெருக்கச் சுற்று. ஞாயிறு, பொங்கல், தீபாவளி எதுவும் கிடையாது. ஒரு காலை விட்டுப்போனால் அந்த எலியின் சுற்று எங்கே திரும்பியது என்று சொல்ல முடியாது. ஃப்ளூ கண்காணிப்பும் இதே வேலைதான், சுற்று மட்டும் ஒரு வருட நீளம். ஏப்ரலில் வாரத்துக்கு நான்கு சாம்பிள் வந்தாலும், நான்கும் நெகட்டிவ் என்றாலும், எழுதி வைக்க வேண்டும். அதை எழுதியிருந்தால்தான் ஐப்பசி மழையில் எண்ணிக்கை ஏறும்போது 'இது ஏற்றம்' என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

உன் கைடு சொன்னதற்கும் பதில் அதிலேயே இருக்கிறது. 2009-க்குப் பிறகு சில வருடங்கள் நாட்டின் பல ஊர்களில் ஒரே முறையில் எடுத்த சாம்பிள்களைச் சேர்த்துப் பார்த்தபோது, டெல்லி, புனே மாதிரி ஊர்களில் ஃப்ளூ தென்மேற்குப் பருவமழையோடு ஏறுவதும், ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரை ஏறுவதும், சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பரில் ஏறுவதும் தெரிய வந்தது. எந்த ஊரில் எந்த மாதம் தடுப்பூசி போடுவது என்ற பேச்சுக்கே இதுதான் அடிப்படை. வாராவாரம் சாம்பிள் டெஸ்ட் பண்ணியவர்கள் கண்டுபிடித்தது. இதை ஆராய்ச்சி இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அடுத்தது 2009, எச்1என்1 என்ற பன்றிக்காய்ச்சல் உலகம் முழுக்கப் பரவிய வருடம். அந்த ஆகஸ்டில் லேப்பில் நாங்கள் தூங்கியதே குறைவு. ஸ்வாப்போடு வரும் படிவத்தில் 'கர்ப்பம்: ஆம் / இல்லை, எத்தனை வாரம்' என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு பெரிய மருத்துவமனையிலிருந்து வந்த படிவங்களில் அது எப்போதும் காலியாகவே இருக்கும். மற்றவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு மட்டும் கண் அங்கேயே போய் நிற்கும், படித்த படிப்பு அப்படி. ஒருநாள், இருபத்து நான்கு வயதுப் பெண்ணின் சாம்பிள், எச்1என்1 பாசிட்டிவ். மனசு கேட்காமல் வார்டுக்குப் போன் போட்டேன். ஏழாம் மாதமாம். மூச்சுத்திணறலோடு ஐசியுவில் இருந்தாள். மறுநாளே நேரில் போய் நர்ஸுகளிடம் உட்கார்ந்து பேசினேன்: கருப்பை மேலே ஏற ஏற நுரையீரலுக்கு இடம் குறைகிறது, இதயத்தின் வேலை கூடுகிறது, எதிர்ப்பாற்றலின் போக்கும் மாறுகிறது, அதனால் சாதாரண ஃப்ளூவே இவர்களிடம் முற்றிவிடும். அதன் பிறகு ஒரு படிவம்கூட அந்தக் கட்டம் காலியாக வரவில்லை. அந்தப் பெண் பிழைத்தாள். அமெரிக்காவில் அந்த வருடம் மக்கள்தொகையில் சுமார் 1% இருந்த கர்ப்பிணிகள், எச்1என்1 இறப்புகளில் சுமார் 5%. கட்டம் காலியாக இருந்தால் இப்படி ஒரு கணக்கே கிடைக்காது.

நஞ்சுக்கொடியும் உனக்குப் புதிதில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஃப்ளூ தடுப்பூசி கிடையாது. தாய்க்குப் போட்டால், அவள் உடலில் உண்டாகும் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. 2012-இல் உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசிக்குக் கர்ப்பிணிகளை முதல் வரிசையில் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். அடுத்த தடவை யாராவது சம்பந்தம் என்ன என்று கேட்டால் இதைச் சொல்.

முட்டை வேலை உனக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். பத்து நாள் அடைகாத்த கோழிமுட்டையை இருட்டறையில் விளக்குக்கு மேல் பிடித்தால், ஓட்டுக்குள் சிவப்பு ரத்தக்குழாய்கள் மரக்கிளை போல விரிந்திருக்கும். கரு லேசாகத் துடித்து நகரும். காற்றறையின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து, ரத்தக்குழாய் இல்லாத இடத்தில் சின்னதாகத் துளை போட்டு, கருவைச் சுற்றித் தண்ணீர் நிறைந்திருக்கும் அலன்டாயிக் பைக்குள் சாம்பிளை 0.2 மில்லி ஏற்றி, மெழுகால் அடைப்போம். இரண்டு மூன்று நாள் கழித்து ஓர் இரவு குளிரில் வைத்துவிட்டு அந்தப் பையின் தண்ணீரை எடுத்துச் சிவப்பணுக்களோடு கலக்க வேண்டும். வைரஸ் இல்லையென்றால் சிவப்பணுக்கள் அடியில் பொட்டு மாதிரி உட்காரும். தட்டைச் சாய்த்தால் அந்தப் பொட்டு கண்ணீர்த்துளி போல வழியும். வைரஸ் இருந்தால் வலை மாதிரி பரவி அப்படியே நிற்கும். முதன்முதலில் அப்படி நின்றதைப் பார்த்த அன்று நான் மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன்.

ஆய்வுமாணவன் சொன்ன கஷ்டமும் உண்மைதான். ஒப்பந்தம் புதுப்பிக்கத் தாமதமாகி எனக்கு ஒரு தடவை நான்கு மாதம் சம்பளம் வரவில்லை. வீட்டில் கொஞ்சம் பணம் சேர்த்து வைத்துக்கொள்.

நாமக்கல் கால்நடை:

அக்கா சொன்ன முட்டை விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். கோழி சாம்பிளை முட்டையில் வளர்க்கும்போது சிவப்பணு திரண்டவுடன் ஃப்ளூ என்று முடிவு கட்டிவிட முடியாது. கோழிகளைத் தாக்கும் ராணிக்கெட் நோயின் வைரஸும் அதே வேலையைச் செய்யும். அதைத் தனியாகப் பார்த்துத் தள்ளிவிட வேண்டும். அப்புறம், முட்டை எந்தப் பண்ணையிலிருந்து வருகிறது என்று கேளுங்கள் மேடம். தாய்க்கோழியின் எதிர்ப்பொருள் மஞ்சள்கரு வழியாகக் குஞ்சுக்குப் போகும், அது முட்டைக்குள் வைரஸ் வளர்வதைத் தடுக்கலாம். அக்கா சொன்ன நஞ்சுக்கொடிக் கதைதான், கோழியில் மஞ்சள்கரு. பண்ணையில் எச்9என்2 என்ற பறவை ஃப்ளூ புகுந்தாலும் பல தடவை முதலில் கண்ணில் படுவது முட்டை குறைவதுதான். உங்கள் படிப்பு எங்கள் பக்கமும் தேவைப்படும்.

பொருநை:

அக்கா, அந்தக் காலிக் கட்டத்தை நாலைந்து தடவை படித்துவிட்டேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். சேர்வதாக மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை சேர வேண்டும். பிசிஆர் தெரியும், செல் வளர்ப்பும் தெரியும். முதல் வாரத்தில் நான் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பழைய லேப்காரி:

ரொம்பச் சந்தோஷம்மா. திங்கட்கிழமையா, சனி ஞாயிறு சேர்ந்த பெட்டிகள் எல்லாம் அன்றைக்குத்தான் வந்து இறங்கும். பயப்படாதே. பெட்டியைத் திறந்தவுடன் ஐஸ் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து எழுது. ஐஸ் உருகியிருந்தால் லேபிள் ஊறி, பேனாவால் எழுதிய எண் கலைந்திருக்கும். டியூபையும் படிவத்தையும் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பெயர், வயது, எண் மூன்றும் சேருகிறதா என்று பார். சேராத டியூபுக்கு நீயாக ஊகித்து எண் போடாதே. தனியாக எடுத்து வைத்துவிட்டு வார்டுக்குப் போன் போடு. போனில் பேசும்போது அந்தக் கர்ப்பக் கட்டத்தையும் கேட்டு நிரப்பிவிடு.