பத்து மாதக் குழந்தையின் மழலையும் பெரா சோதனையும்: அனுபவமுள்ளோர் உதவுக

வணக்கம். மூன்றாம் மாதத்திலேயே முகம் பார்த்து ‘ங்கா’ கொட்டிய எங்கள் மகள், பெரும்பாலான குழந்தைகள் பத்து மாதத்துக்குள் ஒலிக்கத் தொடங்கும் ‘பாபாபா’, ‘தாதாதா’ போன்ற அசைத்தொடர்களைப் பத்து மாதம் நிறைந்தும் இன்னும் ஒலிக்கவில்லை. ஆனால், மாடிச் சுவரில் காக்கை வந்து அமர்ந்தால் கையை நீட்டிக் காட்டிவிட்டு, நானும் பார்க்கிறேனா என்று உடனே என் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறாள். சொல் வருமுன் எழும் பேச்சு இதுதானே என்று சற்று ஆறுதல் கொள்கிறேன்.

பிறந்தபோது செய்த செவித்திறன் சோதனையில் குறையில்லை என்றாலும், பின்னாளிலும் கேட்கும் திறன் குறையக்கூடும் என்பதால், “பொறுத்துப் பார்க்கலாம்” என்னும் அத்தையின் சொல்லை மீறி, மருத்துவர் பரிந்துரைத்த பெரா (BERA) சோதனைக்கு, அதாவது ஒலி கேட்கும்போது செவி நரம்பிலும் மூளைத்தண்டிலும் எழும் மின்துலங்கலை அளக்கும் சோதனைக்கு, அழைத்துச் செல்ல இருக்கிறோம். அதற்குக் குழந்தை அசையாமல் உறங்க வேண்டுமாம். எங்கள் மகளோ பகலில் அரைமணி நேரம்கூடத் தூங்குவதில்லை. இவ்வயதில் இச்சோதனை செய்தவர்கள், தூக்க மருந்து தேவைப்பட்டதா, பாலூட்டியே உறங்கவைக்க முடிந்ததா என்பதைத் தெரிவித்து உதவ வேண்டுகிறேன்.